சுருட்டும் சாம்பலும்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பணியாற்றி, மதிற்சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பையன்களின் சட்டைப் பையிலிருந்து பீடிக் கட்டுகளைப் பறிமுதல் செய்தவன் நான். அப்படிப்பட்டவன் இன்று உங்கள் முன் சுருட்டைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாகவும், உங்கள் பெற்றோரில் சிலருக்கு விபரீதமாகவும் தோன்றக் கூடும். ஆயினும் சரித்திரம் நல்ல பொருள்களின் வழியாக மட்டும் நடந்து வருவதில்லை. கல்வெட்டும் கோயிலும் ஏரியும் சொல்லாத சில செய்திகளை ஒரு கறுத்த இலைச் சுருள் சொல்லுகின்றது. அதுவும் நம் பக்கத்து மண்ணைப் பற்றிய செய்திகளாக இருப்பதால் கேட்டு வைப்பதில் தவறில்லை.

நம் தேனி மாவட்டம் 1996இல்தான் தனி மாவட்டமாயிற்று. அதற்கு முன்பு கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை ஜில்லாவே. 1985இல் பிரியும் வரையில் திண்டுக்கல்லும் மதுரை ஜில்லாவே. ஆகவே, நான் சிறுவனாயிருந்த காலத்தில் உத்தமபாளையத்துக்காரருக்குத் திண்டுக்கல் அயலூர் அன்று. கம்பத்து நெல்லும் போடி ஏலக்காயும் அங்கே போயின. அங்கிருந்து பூட்டும் புகையிலையும் சுருட்டும் இங்கே வந்தன. இன்று நான் பேசப் போகும் சுருட்டு அதுதான். உலகம் அதைத் 'திருச்சிராப்பள்ளிச் சுருட்டு' என்ற பெயரால் அறிந்திருந்தது. அந்தப் பெயரில் ஒரு சிறு பிழை உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'செரூட்' என்றொரு சொல் உண்டு. இருமுனையும் வெட்டி விடப்பட்ட, நுனி கூராக்கப்படாத சுருட்டுக்குப் பெயர். இது நம் தமிழ்ச் சொல்லாகிய 'சுருட்டு' என்பதன் திரிபே. 1886இல் யூல், பர்னெல் என்னும் இருவர் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற அகராதியும் இதையே சொல்லுகின்றது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சோழமண்டலக் கடற்கரையில் வாணிகம் செய்த ஆங்கில மாலுமி ஒருவர், இந்நாட்டு ஏழை மக்கள் இலையை அப்படியே சுருட்டி ஒரு முனையில் நெருப்பு வைத்து மறுமுனையை இதழில் கவ்விப் புகைக்கின்றனர் என்றும், அதனைப் போர்த்துக்கேசியர் 'செரூட்டா' என்று அழைக்கின்றனர் என்றும் எழுதி வைத்திருக்கிறார். அது எளியோர் வழக்கம் என்று சற்றே இளக்காரமாகச் சொன்னாலும், அதுவே ஆதி முறையாக இருக்க வேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. பின்னாளில் கிப்ளிங் என்ற ஆங்கிலக் கவி பர்மாவைப் பற்றி 1890இல் பாடிய புகழ் பெற்ற பாட்டில், அந்நாட்டுப் பெண்ணின் வாயில் இருப்பதும் 'செரூட்'தான். பர்மாக்காரியைப் பற்றி இங்கிலீஷ்காரர் பாடிய பாட்டில் ஒரு தமிழ்ச் சொல்!

சொல் நம்முடையது, பொருள் நம்முடையதன்று. 1492இல் கொலம்பஸின் ஆட்கள் கியூபாத் தீவில் இறங்கியபோதுதான் இலையைச் சுருட்டிப் புகைக்கும் மனிதரை ஐரோப்பியர் முதன்முதலாகக் கண்டனர். மிளகாயைப் போலவே புகையிலையும் அமெரிக்காக் கண்டத்திலிருந்து போர்த்துக்கேசியர் கப்பலில் வந்து சேர்ந்தது. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீஜப்பூரிலிருந்து வந்த தூதர் ஒருவர் அக்பர் சக்கரவர்த்திக்குப் புகையிலையைக் காணிக்கையாகக் கொடுத்தார். சக்கரவர்த்தி ஓரிரு முறை இழுத்துப் பார்த்தார். அரண்மனை வைத்தியர்கள் அது தகுமா தகாதா என்று வாதாடினர். அவர் மகன் ஜஹாங்கீர் 1617இல் அதைத் தடை செய்தார். இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1604இலேயே புகையிலையைக் கண்டித்துத் தம் கைப்பட ஒரு சிறு நூல் எழுதினார். இரண்டு அரசர்களின் வார்த்தையையும் குடிகள் கேட்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

இதிலிருந்து மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முறை ஒன்று உண்டு. சங்க நூல்களில் வெற்றிலை, பாக்கு இவற்றைத் தேடலாம். புகையிலையைத் தேடிப் பயனில்லை. நம் ஊர் எல்லைகளில் கருப்பசாமிக்கும் முனியாண்டிக்கும் சுருட்டுப் படைக்கின்றார்களே, அது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று பூசாரி சொல்லுவார். சாமி பழமையானவர்; சுருட்டு அவருக்குப் புதியது. நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டதாக இருக்க முடியாது. குடிமக்கள் எதை விரும்பினார்களோ அதைக் காவல் தெய்வத்துக்கும் கொடுத்தார்கள். இப்படி ஒரு பொருளைக் கொண்டு ஒரு வழக்கத்தின் வயதைக் கணிப்பது சரித்திர மாணவனுக்கு நல்ல பயிற்சி. தமிழ்ப் புலவர்களும் இதை விட்டுவைக்கவில்லை. சீனிச் சர்க்கரைப் புலவர் என்பார் பழனி முருகனிடம் புகையிலையையே தூது அனுப்பிப் 'புகையிலை விடு தூது' என்றொரு பிரபந்தம் பாடினார். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அதைத் தேடிப் பதிப்பித்தார். சங்க நூல்களைக் காத்தளித்த பெருமகனார் இதையும் பதிப்பிக்கத் தகாத நூல் என்று ஒதுக்கவில்லை என்பது இன்று நான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கு ஓரளவு தைரியம் கொடுத்தது.

நிற்க. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் சுருட்டு லண்டன் மாநகருக்குப் போய் ஒரு கொலை வழக்கில் சாட்சி சொல்லியது. உண்மை வழக்கன்று, கதை. ஆர்தர் கானன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், துப்பறியும் நிபுணர் ஹோம்ஸ் கொலை நடந்த அறையின் தரையிலிருந்து சிறிது சாம்பலைத் திரட்டி எடுக்கிறார். அது கறுத்து, செதில் செதிலாக இருக்கிறது. இத்தகைய சாம்பல் திருச்சிராப்பள்ளிச் சுருட்டிலிருந்துதான் விழும் என்று தீர்மானம் செய்கிறார். அடுத்த நாவலில், நூற்று நாற்பது வகைப் புகையிலையின் சாம்பல்களைப் பற்றித் தாம் ஒரு நூலே எழுதியிருப்பதாகவும் சொல்லிக்கொள்கிறார். அந்தக் கதையை எழுதிய காலத்தில் கானன் டாயில் நம் நாட்டுக்கு வந்தவரல்லர். எனினும், லண்டனில் கதை படிக்கும் சாதாரண மனிதனுக்குத் 'திருச்சிராப்பள்ளி' என்று சொன்னால் போதும், கறுத்த காரமான சுருட்டு என்று விளங்கும் என அவர் நம்பியிருக்கிறார். அவ்வளவு பிரசித்தி.

சாம்பல் ஏன் கறுப்பாக இருக்க வேண்டும்? இளமையில் இந்தக் கதையை நான் படித்தபோது ஆசிரியரின் கற்பனை என்றே எண்ணினேன். பிற்பாடுதான் அதில் கொஞ்சம் இரசாயனமும், நிறையத் திண்டுக்கல்லும் இருப்பது தெரிந்தது.

புகையிலை நன்றாக எரிய வேண்டுமானால் இலையில் பொட்டாசியம் போதிய அளவு இருக்க வேண்டும். குளோரைடு மிகுந்தால் இலை எரியாமல் மக்கி மக்கி அணைந்து போகும். எரிந்தாலும் கரி முழுவதும் எரியாது. முழுதும் எரிந்த இலையின் சாம்பல் வெளுத்திருக்கும். மக்னீசியம் உள்ள மண்ணில் விளைந்தது இன்னும் வெண்மையாக இருக்கும். அரைகுறையாக எரிந்ததன் சாம்பல் கறுத்துக் கிடக்கும். அந்தக் குளோரைடு எங்கிருந்து வருகின்றது? நாம் உண்ணும் உப்பும் ஒரு குளோரைடே. தமிழ்நாட்டில் புகையிலை பெரும்பாலும் ஆற்றுப் பாசனப் பயிரன்று. கிணற்றுப் பாசனப் பயிர். அந்தக் கிணறுகளில் பல உவர்நீர்க் கிணறுகள். மெல்லும் புகையிலைக்கு உவர்நீரே நல்லது என்று குடியானவர்கள் அதையே தேடிப் பாய்ச்சுவதும் உண்டு. ஆகவே, ஹோம்ஸ் துரை லண்டனில் பொறுக்கி எடுத்த சாம்பலின் கறுப்பு, திண்டுக்கல் சீமையின் ஏதோ ஒரு கவலைக் கிணற்றிலிருந்து வந்திருக்கக் கூடும். கதாசிரியருக்கே தெரியாத உண்மை!

நம் பள்ளத்தாக்கைப் பாருங்கள். 1895இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு மலைக்கு அப்பால் மேற்கே ஓடிய தண்ணீர் இப்பால் வந்த பிறகு, கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரையில் நெல் வயல்களாயின. நல்ல தண்ணீர் உள்ளவன் நெல்லும் கரும்பும் வாழையும் திராட்சையும் வைப்பான். கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. உவர்நீர் உள்ளவன் என்ன வைப்பான்? அவனுக்குப் பெருந்துணையாக நின்றது புகையிலை. சுருட்டின் சரித்திரத்தைத் தண்ணீரின் சரித்திரம் என்றும் சொல்லலாம்.

இனி, இலை எப்படிச் சுருட்டாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். புகையிலைச் செடி பூப்பதற்கு முன் கொழுந்தைக் கிள்ளி விடுவார்கள். பக்கத்தில் வெடிக்கும் தளிர்களையும் ஒடித்து விடுவார்கள். நிக்கோட்டின் என்னும் நஞ்சு செடியின் வேரில் உண்டாகி இலைக்கு ஏறுவது. பூவுக்கும் விதைக்கும் போகாமல் செடியின் சத்தெல்லாம் இலையில் தங்கினால் இலை தடிக்கும், காரமும் ஏறும். முதிர்ந்த செடியை அறுத்து வாட வைத்து, பந்தல் கழிகளில் தொங்கவிட்டு, வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி உலர்த்துவார்கள். காய்ந்த இலை நண்பகலில் தொட்டால் நொறுங்கும். விடியற்காலைப் பனியில்தான் அது துணியைப் போல் பதமாகும். அப்போதுதான் அதைக் கையாள முடியும். பிறகு பட்டறை போடுவார்கள். அதாவது, இலைக் கட்டுகளை உயரமாக அடுக்கி மூடி வைப்பார்கள். அடுக்கின் உள்ளே தானாகவே சூடு பிறக்கும். சூடு மிஞ்சுவதற்கு முன் பிரித்து, மேலிருந்ததைக் கீழும் உள்ளிருந்ததை வெளியிலுமாக மாற்றி அடுக்க வேண்டும். இவ்வாறு பல முறை. நாசியைத் துளைக்கும் நெடி ஒன்று அப்போது வெளியேறும். பச்சை வாடையும் முரட்டுக் கசப்பும் அதனோடு போகும். இலை செம்மையிலிருந்து காப்பி நிறத்துக்கும், அதிலிருந்து கருமைக்கும் மாறும். இதைப் 'பாடம் செய்தல்' என்று நம் மக்கள் அழகாகச் சொல்லுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் செய்ய முயன்றதும் ஏறக்குறைய இதுவே என்று நினைத்துக்கொள்வேன். பட்டறையை எப்போது பிரிப்பது என்பதுதான் எங்களில் பலருக்குத் தெரியவில்லை.

பாடம் செய்த இலையின் நடு நரம்பை உருவி எடுத்துவிட்டு, உள்ளே வைப்பதற்குச் சிறு இலைகளும், அவற்றைக் கட்டிப் பிடிக்க ஓர் இலையும், எல்லாவற்றுக்கும் மேலே உறையாகச் சுற்ற நரம்பு தெரியாத மெல்லிய இலையும் என மூன்று வகையாகப் பிரிப்பார்கள். உசிக்கப்பல், கருங்கப்பல், வட்டக்கப்பல் என்றெல்லாம் நம் பக்கத்துச் சுருட்டுப் புகையிலைக்கு வகைப் பெயர்கள் உண்டு. மேலுறைக்கு உகந்த மெல்லிய இலை நம் வெயிலில் எளிதில் விளைவதில்லை. நல்ல மேலுறைக்குச் சுமத்திராத் தீவு பேர் போனது. வட வங்காளத்திலும் அவ்விதம் பயிரிட்டார்கள். உட்பொருள் நம்முடையதாகவும் மேற்சட்டை பிறருடையதாகவும் அமைந்த சுருட்டும் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சுருட்டை மதிப்பிடுவது ஒரு தனிக் கலை. அதை எனக்குக் காட்டியவர் என் பாட்டனாரின் தமையனார். நாங்கள் 'பெரிய தாத்தா' என்போம். உத்தமபாளையத்தில் இருந்துகொண்டு, திண்டுக்கல் புகையிலை வியாபாரிகளுக்கு இலை பார்த்துக் கொடுக்கும் தரகு வேலை செய்தவர். 1960களின் இறுதியில் அவரைத் திண்ணையில் பார்த்த காட்சி இன்றும் கண்ணில் நிற்கின்றது. முதலில் சுருட்டைக் கண்ணால் பார்ப்பார்: எண்ணெய் தடவியது போன்ற மெருகு இருக்கிறதா, நரம்பு புடைத்திருக்கிறதா, நிறம் முனையிலிருந்து முனை வரை ஒன்றாக இருக்கிறதா என்று. பிறகு காதருகே வைத்து விரலால் மெல்ல உருட்டுவார். சரசரவென்றால் காய்ந்துவிட்டது, ஓசையே இல்லையென்றால் ஈரம். பின் முகர்வார். பற்ற வைக்காமல் ஒரு முறை காற்றை இழுத்துப் பார்ப்பார். இறுகச் சுருட்டியது காற்றுக் கொடாது, தளரச் சுருட்டியது சூடேறிக் கசக்கும். அதன் பின்னரே தீக்குச்சி. சுடரை இலையின் மேல் பட விடமாட்டார். அருகில் காட்டி, சுருட்டை மெல்லத் திருப்பி, வட்டம் முழுவதும் ஒரே சீராகக் கனலும்படி செய்வார். புகையை விழுங்க மாட்டார். வாயில் வைத்திருந்து விட்டுவிடுவார். மேகமலைத் தேயிலைத் தோட்டங்களின் சரக்கைச் சுவைத்துத் தரம் சொல்பவர்கள் தேநீரை உறிஞ்சி நாக்கெல்லாம் பரப்பி உமிழ்ந்துவிடுவார்கள் அல்லவா, அதைப் போல.

சுவைக்கு அவரிடம் சீமைச் சொற்கள் இருக்கவில்லை. ஆறு சுவையும் மணமும் போதுமானவையாக இருந்தன. முதல் பங்கில் துவர்ப்பு. நடுவில், காப்பிக் கொட்டை வறுத்தாற் போன்ற இனிய கசப்பு. கடைசிப் பங்கில் கார்ப்பு. இந்த வரிசை மாறி, முதல் இழுப்பிலேயே நாக்கு எரிந்தால் பட்டறை சரியாகப் போடவில்லை என்பார். உவர்ப்புத் தட்டினால் கிணற்றைக் குறை சொல்வார். மழைக்காலத்தில் இலை தானாக வேர்த்துப் பிசுபிசுத்தாலும் அதே தீர்ப்புத்தான். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்குமல்லவா? ஒரு நாள் நான் அவரிடம், "தாத்தா, கறுப்பா இருக்கிறதுதானே காரம் ஜாஸ்தி?" என்று கேட்டேன். "போடா பேராண்டி! கறுப்பு பட்டறையில வர்றது, காரம் செடியில வர்றது. நிறத்தைப் பாத்து மனுசனையும் எடை போடாதே, இலையையும் எடை போடாதே" என்றார். பின்னாளில் படித்தபோது அவர் சொன்னது முற்றிலும் சரியென்று கண்டேன். மேல் இலைக்குக் காரம் மிகுதி, அடி இலைக்குக் குறைவு. கருமை பெரும்பாலும் நீண்ட பாடத்தால் வருவது. கியூபா நாட்டுச் சுருட்டுக்காரர்கள் இவ்விதக் கருஞ்சுருட்டை 'மதூரோ' என்கிறார்கள்; ஸ்பானிய மொழியில் அதற்குப் 'பழுத்தது' என்று பொருள். நம் குடியானவரும் இலை பழுத்தது என்றுதான் சொல்லுவார்.

அவருடைய கடைசிச் சோதனை சாம்பல். சுருட்டைத் தட்ட மாட்டார். சாம்பல் ஓரங்குலம் உதிராமல் நிற்கிறதா என்று பார்ப்பார். முழு இலையால் சுருட்டியதானால் நிற்கும், துண்டும் தூளும் அடைத்ததானால் செதில் செதிலாகக் கொட்டும். பிறகு உதிர்ந்த சாம்பலைக் கட்டை விரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்ப்பார். ஷெர்லக் ஹோம்ஸ் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

இப்போது அந்தப் பெயர்ப் பிழைக்கு வருகிறேன். விளைந்தது பெரிதும் திண்டுக்கல் பக்கத்தில்; பேர் பெற்றது திருச்சிராப்பள்ளி. காரணம் எளிது. திருச்சிராப்பள்ளி வெள்ளையர் பட்டாளம் தங்கிய ஊர். சுருட்டுவோர் உறையூரில் திரளாக இருந்தனர். வாங்குவோன் எங்கே வாங்கினானோ அந்த ஊர்ப் பெயரையே சரக்குக்கு வைத்தான். இதை நாம் குறை சொல்ல முடியாது. போடிநாயக்கனூரை ஏலக்காய் நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஏலம் விளைவதோ பெரும்பாலும் மெட்டுக்கு அப்பால் இடுக்கி மலையில். 1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப் பாதை வந்து, திண்டுக்கல் வழியில் ஒரு நிலையமாயிற்று. சென்னையில் 1863இல் தோன்றிய ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டு ஆலை நடத்தியது. அதன் பிறகு, விஷயம் தெரிந்தவர்கள் திண்டுக்கல் சுருட்டு என்று தனியாகவே கேட்டு வாங்கினர்.

இங்கே சர்ச்சிலைப் பற்றிச் சொல்லாவிட்டால் நீங்கள் விடமாட்டீர்கள். இங்கிலாந்தின் பிரதம மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில் நம் சுருட்டைத்தான் விரும்பிப் புகைத்தார் என்று திருச்சியிலும் திண்டுக்கல்லிலும் பெருமையாகச் சொல்லுவார்கள். பத்திரிகைகளும் அவ்வப்போது எழுதும். நமக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவே: அவர் 1895இல் கியூபாவுக்குப் போனார், அங்கே சுருட்டின் அறிமுகம் நெருக்கமாயிற்று, 1896இல் இளம் இராணுவ அதிகாரியாகப் பெங்களூருக்கு வந்து தங்கினார், வாழ்நாளெல்லாம் கியூபாச் சுருட்டைக் கையில் வைத்திருந்தார். பெங்களூரில் இருந்தவர் திருச்சிச் சுருட்டைப் புகைத்திருக்கலாம். 'இருக்கலாம்' என்பதை 'இருந்தது' என்று எழுதுகிற விடைத்தாளுக்கு நான் மதிப்பெண் குறைப்பது வழக்கம். சர்ச்சிலுக்காகவும் அந்த வழக்கத்தை மாற்ற விரும்பவில்லை.

பெருமைக் கதையை விட எனக்குச் சுவையாகத் தோன்றுவது எல்லைக் கதை. மேற்கு மலைக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே புகையிலை வியாபாரம் சர்க்காரின் ஏகபோகம். யாழ்ப்பாணத்துப் புகையிலையைச் சர்க்கார் வாங்கி, அதிக விலைக்குக் குடிகளுக்கு விற்று, கஜானாவை நிரப்பிக்கொண்டது. இதேபோல் கிழக்கிந்தியக் கம்பெனியும் மலபார், கன்னட ஜில்லாக்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் புகையிலை ஏகபோகம் நடத்தியது. மலைக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் பல மடங்கு விலை என்றால் என்ன நடக்கும்? கணக்கு வாத்தியார் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடலூரிலிருந்து குமுளிக்கும், கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்கும், போடியிலிருந்து போடிமெட்டுக்கும் ஏறும் வழிகளைப் பாருங்கள். பொதிமாடும் தலைச்சுமையும் போகக் கூடிய கணவாய்கள். எல்லையெங்கும் சமஸ்தானத்துச் சாவடிகள் நின்றன. பிறகு மாதவராவ் திவானாக இருந்தபோது 1860இல் மிளகு ஏகபோகத்தையும் 1863இல் புகையிலை ஏகபோகத்தையும் எடுத்துவிட்டு இறக்குமதித் தீர்வை விதித்தார். இன்று குமுளியில் பேருந்து சோதனைக்காக நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாவடிகளின் ஞாபகம் வரும்.

சுருட்டின் வீழ்ச்சியை விரிக்க வேண்டியதில்லை. 1910இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி தோன்றியது, குண்டூர்ப் பக்கத்தில் வெர்ஜீனியாப் புகையிலை பரவியது, சிகரெட்டு மலிந்தது, ஏழைக்குப் பீடி கிடைத்தது. சுருட்டுக்கு வேண்டிய அரை மணி நேரம் யாரிடமும் இல்லாமற் போயிற்று. 1948இல் வேடசந்தூரில் அரசாங்கம் சுருட்டுப் புகையிலைக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தியது. ஆனால் தமிழ்நாட்டுப் புகையிலையில் பெரும்பகுதி மெல்லுவதற்கே போயிற்று; ஆராய்ச்சியும் பெரும்பாலும் அந்தப் பக்கமே திரும்பிற்று.

சுருட்டிய கைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் குனிந்த தலை நிமிராமல், எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிச் செய்த தொழில் இது. இவர்களுக்கென்று 1966இல்தான் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்தது. பதினான்கு வயது நிறையாத குழந்தைகளை இத்தொழிற்கூடங்களில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றும் அது விதித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் விற்பதையும் தடுத்தது. நான் பறிமுதல் செய்த பீடிக் கட்டுகள் எல்லாம் எந்தக் கடையிலிருந்து வந்தன என்பது எனக்குத் தெரியும். பள்ளிக் கதவிலிருந்து அறுபது எட்டுத் தூரம்.

புகையை விழுங்காதவனுக்குச் சுருட்டு கெடுதல் செய்யாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. பாடம் செய்த கருஞ்சுருட்டின் புகை காரத்தன்மை உடையது. அதனால் நிக்கோட்டின் நுரையீரலுக்குப் போகாமலே வாயின் மென்தோல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். புற்றுநோய் தரும் பொருள்களும் வாயிலேயே தங்கும். ஆந்திரக் கடலோரத்தில், எரியும் முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்களிடம் அண்ணப் புற்று மிகுதியாக இருப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாக எழுதி வருகின்றனர்.

பெரிய தாத்தாவுக்கும் வாயில்தான் வந்தது. முதலில் கன்னத்தின் உட்புறம் ஒரு வெள்ளைத் திட்டு. பிறகு ஆறாத புண். மதுரைக்கு அழைத்துப் போனார்கள். மின்சார வைத்தியம் என்று சொன்னார்கள். திரும்பி வந்தபோது அவருக்கு நாக்கில் ருசி இல்லை. பாட்டி ரசத்தை ஊற்றி, "உப்புச் சரியா இருக்கா?" என்று பழக்கத்தில் கேட்டுவிடுவாள், அவர் தலையை மட்டும் ஆட்டுவார். ஊரெல்லாம் நம்பிய நாக்கு அது.

அப்படியும் இலை வந்துகொண்டுதான் இருந்தது. 1974 என்று நினைவு. திண்டுக்கல்லிலிருந்து ஒரு வியாபாரி மாதிரிச் சுருட்டுகள் நான்கைந்து கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். பெரிய தாத்தா ஒன்றை எடுத்து, காதருகே உருட்டினார், முகர்ந்தார், வியாபாரியிடமே கொடுத்துப் பற்ற வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பாதி எரியும் வரையில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். உதிர்ந்த சாம்பலை உள்ளங்கையில் வாங்கி, இரு விரலால் தேய்த்தார். விரல்கள் கறுத்தன. பேச்சு அவருக்குச் சரியாக வராத காலம். என் சிலேட்டை வாங்கி, கோணல் எழுத்தில் ஒரே சொல் எழுதி வியாபாரியின் பக்கம் திருப்பினார்.

'கிணறு' என்று எழுதியிருந்தது.